கடல் காவலுக்கு யாரை அமர்த்துவது? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் மீன்பிடித் தடைக்காலம் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதியபோது, சட்டம் ஏட்டில் இருக்கிறது, அதைக் கடலில் நடத்துவதற்குத்தான் ஆள் போதவில்லை, கடற்கரை ஊர்ப் பிள்ளைகளையே அந்தப் பணிக்கு அமர்த்த வேண்டும் என்று குறிப்பிட்டிருந்தேன். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இம்முறை மிகுதி. ஆகவே இந்த இதழின் பக்கங்களை முழுவதும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். மீன்வளத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கடிதம் எழுதியவர்கள் அதே ஊரில் தொழில் செய்து பிழைக்க வேண்டியவர்கள் என்பதால், அவர்களுடைய பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: ஐயா, எங்கள் ஊரில் எல்லோரும் நாட்டுப்படகு வைத்துத் தொழில் செய்கிறோம். இரவில் விசைப்படகுகள் கரையை ஒட்டி வந்து மடிவலை இழுக்கின்றன. நாங்கள் விரித்த வலைகளை அறுத்துக்கொண்டு போகின்றன. அதிகாரிகள் வந்து சேர்வதற்குள் அவை போய்விடுகின்றன. ஊர் இளைஞர்களே சேர்ந்து அப்படகுகளை வளைத்துப் பிடித்துக் கரைக்குக் கொண்டுவந்தால் அது சட்டப்படி சரியாகுமா? – தொண்டிப் பகுதி வாசகர்

பதில்: சரியாகாது. உங்கள் கோபத்தின் நியாயத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்தக் கோபத்திலிருந்துதான் இந்தச் சட்டமே பிறந்தது. 1970களின் பிற்பகுதியில் சென்னைக் கடற்கரைக் குப்பங்களிலும் பிற இடங்களிலும் கட்டுமரக்காரர்களுக்கும் விசைப்படகுக்காரர்களுக்கும் இடையே நடந்த மோதல்களில் படகுகள் எரிந்தன, உயிர்கள் போயின. 1976இல் மத்திய அரசு, மீன்பிடி எல்லைகளைப் பற்றி ஆராய மஜும்தார் குழுவை அமைத்தது. அதன் பிறகு வந்த மாதிரிச் சட்டத்தைத் தழுவிக் கேரளம் 1980இலும் தமிழ்நாடு 1983இலும் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டங்களை இயற்றின. கரையிலிருந்து 3 கடல் மைல் வரை, அதாவது ஏறத்தாழ ஐந்தரைக் கிலோமீட்டர் வரை, விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்பது அந்தச் சட்டத்தின் வழி வந்த விதி. உங்கள் பாக் நீரிணைப் பகுதியில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு என்று கடலையே நாள் கணக்கில் பங்கிட்டுக்கொண்ட ஏற்பாடும் இத்தகைய சண்டைகளைத் தணிப்பதற்காக வந்ததே.

ஆனால் படகில் ஏறிச் சோதிக்கவும், படகையும் வலையையும் கைப்பற்றவும் அந்தச் சட்டம் உரிமை கொடுப்பது, அரசின் அறிவிக்கையால் அதிகாரம் பெற்ற அலுவலருக்கு மட்டுமே. அவர் கைப்பற்றியதும் அறிக்கை தர வேண்டும். தீர்ப்பளிக்கும் பொறுப்புடைய வேறோர் அதிகாரி படகு உரிமையாளரையும் அழைத்துக் கேட்டுத் தண்டம் விதிப்பார். அதில் குறை கண்டால் மேல்முறையீட்டுக்கும் வழி உண்டு. முதல் கண்ணி சரியாக விழாவிட்டால் பின்னால் போடும் முடிச்சு எதுவும் நிற்காது. பொதுமக்களில் ஒருவர் குற்றவாளியைப் பிடித்துக் காவலரிடம் ஒப்படைக்கலாம் என்று ஒரு பொதுவான சட்டப்பிரிவு இருப்பது உண்மைதான். அது பிணையில் விட முடியாத, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றங்களுக்கு உரியது. 3 மைல் விதியை மீறியது அந்த வகையில் வராது.

நான் பணியில் இருந்த காலத்தில், ஓர் ஊர் இளைஞர்கள் வளைத்துக் கொண்டுவந்த படகொன்றைப் பார்க்க விடியற்காலையில் போனேன். பதிவு எண் எழுதிய இடத்தின்மேல் நனைந்த சாக்கு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதை விலக்கிப் பார்த்தால், சுரண்டிய பெயின்டுக்குக் கீழே இரண்டே இலக்கங்கள் தெரிந்தன. மடியில் விரல் நீளக் குஞ்சு மீன்களும் சினை நண்டுகளும் குவிந்து கிடந்தன. குற்றம் கண்ணெதிரே கிடந்தது என்றே சொல்ல வேண்டும். ஆனால் எந்த இடத்தில் பிடித்தீர்கள் என்று கேட்டபோது ஆளுக்கொரு தூரம் சொன்னார்கள். உரிமையாளரோ, ஐந்து மைலுக்கு அப்பால் நின்ற தம்முடைய படகைக் கம்பும் கத்தியும் காட்டிக் கடத்தி வந்துவிட்டார்கள் என்று அதற்குள் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். படகு மூன்றாம் நாள் வெளியே போய்விட்டது. இளைஞர்கள் நால்வர்மீது வழக்கு நின்றது. அவர்களில் ஒருவனுக்கு அந்த வழக்கினால் கடவுச்சீட்டு கிடைக்காமல் போய், கைக்கு வந்த வெளிநாட்டு வேலை தவறியது. அந்தப் பையனின் தாயார் அலுவலக வாசலில் வந்து நின்றதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. அதிகாரம் இல்லாதவர்களை அதிகாரம் உள்ளவரின் வேலையைச் செய்ய விட்டது எங்கள் குற்றம். தண்டனை அவர்களுக்குப் போயிற்று.

கேள்வி: நான் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் பட்டம் பெற்றவள். சாகர் மித்ரா பணிக்கு அறிவிப்பு வந்தால் விண்ணப்பிக்கலாம் என்றிருக்கிறேன். அந்தப் பணியில் சேர்ந்தால் விதிமீறல்களைத் தடுக்கும் அதிகாரம் கிடைக்குமா? – தூத்துக்குடி வாசகி

பதில்: கிடைக்காது, ஆனாலும் விண்ணப்பியுங்கள். 2020இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் கீழ் கடற்கரை மீனவ ஊர்களுக்கு அமர்த்தப்படும் சாகர் மித்ராக்கள் ஒப்பந்தப் பணியாளர்கள். தமிழ்நாட்டில் மாதம் 15,000 ரூபாய் ஊக்கத்தொகை என்றும், 35 வயதுக்கு மேற்படாதவராக இருக்க வேண்டும் என்றும், மீன்வளம், கடல் உயிரியல், விலங்கியல் போன்ற பாடங்களில் பட்டம் வேண்டும் என்றும் அறிவிப்புகள் வந்தன. அன்றாடம் கரைக்கு வரும் மீனின் அளவையும் விலையையும் பதிவு செய்வது, வானிலை எச்சரிக்கைகளையும் அரசுத் திட்டங்களையும் ஊருக்குச் சொல்வது, ஊரின் குறைகளை அரசுக்குச் சொல்வது ஆகியவையே அவர்களுடைய பணி. வந்து இறங்கிய மீனை அவர்கள் எழுதிக்கொள்ளலாம். அதைப் பிடித்த வலையைக் கைப்பற்ற முடியாது. இது குறை அன்று. ஊருக்கும் அரசுக்கும் நடுவில் நம்பிக்கையோடு பேசுவதற்கென்று அமர்த்தப்பட்டவரிடமே தண்டச்சீட்டுப் புத்தகத்தையும் கொடுத்தால், மறுநாளிலிருந்து யாரும் அவரிடம் உண்மைக் கணக்கைச் சொல்ல மாட்டார்கள்.

அதிகாரத்தோடு கூடிய பணி வேண்டுமானால், தேர்வாணையம் வழியாக வரும் மீன்வள சார் ஆய்வாளர், ஆய்வாளர், உதவி இயக்குநர் பதவிகளுக்கே நீங்கள் முயல வேண்டும். இவற்றைத் தவிர, காவல்துறையினரை அயற்பணியில் கொண்டு மீன்வளத் துறைக்குள்ளேயே கடல் அமலாக்கப் பிரிவு ஒன்றையும் தமிழ்நாடு அண்மை ஆண்டுகளில் ஏற்படுத்தியிருக்கிறது. நல்ல முயற்சி என்றே கருதுகிறேன். சீருடைக்கு மரியாதை இருக்கிறது. படகை நிறுத்தச் சொன்னால் நிறுத்துகிறார்கள். ஆனால் அயற்பணிக்கு வருபவர் இழுவை மடிக்கும் வழிவலைக்கும் வேறுபாடு பழகி, மடியின் கடைசிப் பையில் கண்ணியின் அளவை விரலை வைத்தே மட்டாகச் சொல்லும் அளவுக்குத் தேறிவரும்போது, அவருக்கு மாற்றல் வந்துவிடுகிறது. மடிக் கண்ணி 40 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது விதி. ஈரமான வலையை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து அளவு பார்ப்பது ஒரு கைப்பழக்கம். அலையில் ஆடும் படகில் அது இன்னும் கடினம். உங்களைப் போலப் படித்தவர்கள் அந்தப் பிரிவில் நிரந்தரமாக இருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

இன்னொன்றையும் சேர்ந்த பிறகு நீங்களே காண்பீர்கள். தடைக்கால நிவாரணப் பட்டியலைச் சரிபார்ப்பவரும், மானிய டீசலுக்குப் படகை ஆய்வு செய்பவரும், கடலில் காணாமற்போனவரின் குடும்பத்துக்கு உதவித்தொகை வாங்கித் தர அலைபவரும் அதே ஆய்வாளர்தான். காலையில் துயரத்தில் பங்கு கொண்ட வீட்டுக்காரரின் படகை மாலையில் பிடிக்க வேண்டியிருக்கும். இதனால் கை தளர்வது உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் துறையின் உண்மையான பலமும் கரையில்தான் இருக்கிறது. ராமேசுவரத்தில் படகு கடலுக்குப் போகும் முன் அனுமதி டோக்கன் வாங்கியாக வேண்டும். அந்த டோக்கனும், பதிவும் உரிமமும், மானிய டீசலும் விதிமீறியவருக்கு நிறுத்தப்படும் என்பது உறுதியானால், ரோந்துப் படகு ஓராண்டு முழுதும் சுற்றிச் செய்யாததை ஒரு மேசையும் ஒரு பேரேடும் ஒரு மாதத்தில் செய்துவிடும். ஆகவே ஆள் எடுக்கும்போது கடலுக்குப் போகும் ஆட்களை மட்டும் கணக்கிடாமல், துறைமுக மேசைக்கு உட்காரும் நேர்மையான ஆட்களையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

கேள்வி: மாநில அரசின் ஆட்கள் எவ்வளவு தூரம் வரை போய்ப் பிடிக்கலாம்? – கடலூர் வாசகர்

பதில்: 12 கடல் மைல் வரை. அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில் மீன்வளம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. கரைக்கடல் எல்லைக்கு அப்பால் நடக்கும் மீன்பிடிப்பு ஒன்றியப் பட்டியலில் இருக்கிறது. அங்கே கண்காணிப்பது இந்தியக் கடலோரக் காவல்படை. 2000ஆம் ஆண்டில் மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து அடியில் சுருக்கி இழுக்கும் பெருவலையான சுருக்குமடிக்குத் தமிழ்நாடு தடை விதித்திருந்தும், 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 12 மைலுக்கு அப்பால் திங்கள், வியாழன் ஆகிய இரு நாட்களில் மட்டும் காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை நிபந்தனைகளோடு இடைக்காலமாக அனுமதித்ததற்கும் இந்த எல்லைப் பிரிவினையே அடிப்படை. வலையை ஏற்றிக்கொண்டு 12 மைல் கடந்து போகும் படகு வழியில் எங்கே வலையை இறக்குகிறது என்று பார்ப்பதற்கு ஆள் வேண்டியிருக்கிறது என்பதுதான் நடைமுறையில் எழுந்த சிக்கல்.

கேள்வி: கல்லூரி மாணவர்களாகிய நாங்கள் ஆமைகள் முட்டையிடும் பருவத்தில் இரவு முழுதும் கடற்கரையில் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைக்கிறோம். கரைக்கு மிக அருகில் இழுவைப் படகுகளின் விளக்குகளைக் கண்ணால் பார்க்கிறோம். மறுநாள் காலை செத்த ஆமைகளை எண்ணுகிறோம். எங்களைப் போன்ற தன்னார்வலர்களுக்கு ஏன் அதிகாரம் கொடுக்கக் கூடாது? – சென்னை வாசகர்

பதில்: இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கங்களை ஒதுக்கினேன் என்று சொல்லலாம். 1980களின் இறுதியிலிருந்து தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் சென்னைக் கடற்கரையில் இப்படி நடந்து வருகிறார்கள். 2025ஆம் ஆண்டின் முதல் வாரங்களில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கியபோது, அந்தக் கணக்கு வெளியுலகத்துக்குத் தெரிய வந்ததில் உங்களைப் போன்றவர்களின் இரவு நடைக்குப் பெரும் பங்கு உண்டு. ஜனவரி முதல் ஏப்ரல் வரை ஆமைகள் கூடும் கரைகளில் 5 கடல் மைலுக்குள் இழுவைப் படகுகள் வரக் கூடாது என்று விதி இருக்கும்போது இது நடந்தது.

தன்னார்வலருக்கு அதிகாரம் கொடுப்பது நம் சட்ட மரபுக்குப் புதியதன்று. வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதைத் தடுக்க 1897இல் வந்த இந்திய மீன்வளச் சட்டத்தின் 7ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். காவலர் மட்டுமன்றி, அரசு பெயர் சொல்லியோ பதவி சொல்லியோ அதிகாரம் கொடுத்த பிறர் எவரும், தம் கண்முன் அக்குற்றத்தைச் செய்பவரைச் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டுக் கைது செய்யலாம் என்று அது சொல்கிறது. பெயர் சொல்லி என்ற அந்தச் சொல்லை நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலும் கௌரவ வனவிலங்குக் காப்பாளர் என்ற ஊதியமில்லாப் பதவி இருக்கிறது. கடல் மீன்பிடி ஒழுங்குமுறையில்தான் இதற்கு இணையாக ஒன்று இல்லை.

பிலிப்பைன்ஸ் நாட்டில் இதை விரிவாகச் செய்து பார்த்திருக்கிறார்கள். பன்தாய் தகாத் என்பது அங்கே மீனவ ஊர்களின் காவல் அணிக்குப் பெயர். அவர்கள் மொழியில் கடல் காவல் என்றே பொருள். 1998இல் வந்த அந்நாட்டு மீன்வளச் சட்டத்தின்படி, சட்ட அமலாக்கப் பயிற்சி பெற்ற மீனவர் சங்க உறுப்பினர்களைத் துறை எழுத்து மூலம் துணைக் காவலர்களாக நியமிக்கலாம். கரையிலிருந்து 15 கிலோமீட்டர் வரை உள்ள கடல் நகராட்சிகளின் பொறுப்பில் இருப்பதால், எல்லை மீறி வரும் பெரிய படகுகளை இவர்களே முதலில் பார்க்கிறார்கள். வெடி வைத்து மீன் பிடிப்பது பல இடங்களில் குறைந்ததற்கு இவர்களும் ஒரு காரணம். ஆனால் படகு எரிபொருளுக்கு ஊராட்சியின் கையை எதிர்பார்க்க வேண்டிய நிலையும், தேர்தலில் ஆட்சி மாறினால் அணியே கலைந்துபோகும் நிலையும் அங்கே உண்டு. இந்தப் பணிக்காகக் கொல்லப்பட்டவர்களும் உண்டு. நியூசிலாந்தில் கௌரவ மீன்வள அலுவலர்கள் என்ற தன்னார்வலர்கள் பயிற்சி பெற்று, அதிகாரச் சான்றோடு கரையில் நிற்கிறார்கள். அவர்கள் பெரும்பாலும் பார்ப்பது, பொழுதுபோக்குக்காகவும் வீட்டுத் தேவைக்காகவும் மீனும் சிப்பியும் எடுப்பவர்களை. பெரிய வணிகப் படகுகள் ஊதியம் பெறும் அலுவலர்களின் பொறுப்பு. இந்தப் பிரிவினை மிகவும் அறிவுடையது என்று நினைக்கிறேன்.

ஆகவே என் விடை இதுதான். பார்ப்பது, எண்ணுவது, நேரமும் இடமும் குறிப்பது, சாட்சி சொல்வது ஆகியவற்றைத் தன்னார்வலர்களிடம் முழுமையாகக் கொடுக்க வேண்டும். அதற்கு ஒவ்வொருவருக்கும் பெயர் எழுதிய நியமனக் கடிதமும் அடையாள அட்டையும் வேண்டும், அவர்கள் எழுதும் குறிப்பேட்டை விசாரணையில் ஆவணமாக ஏற்றுக்கொள்ள வேண்டும். படகை நிறுத்துவதும் ஏறுவதும் கைப்பற்றுவதும் ஊதியமும் காப்பீடும் பெறும் அலுவலரின் வேலையாகவே இருக்க வேண்டும். அந்த அலுவலர் படகில் போகும்போது பயிற்சி பெற்ற மீனவத் தன்னார்வலர் ஒருவர் உடன் போகலாம், போகவும் வேண்டும். ஏனென்றால் இருட்டில் என்ஜின் சத்தத்தை வைத்தே அது எந்தத் துறைமுகத்துப் படகு என்று சொல்லக்கூடியவர் அவர்தான். ஆனால் தம் சொந்த ஊர்ச் சண்டை சம்பந்தப்பட்ட வழக்கில் அவரை அனுப்பக் கூடாது. மேலும், காலியாகக் கிடக்கும் ஆய்வாளர் பணியிடத்தை நிரப்பாமல் அந்த வேலையை உங்கள் தலையில் கட்ட யாராவது முன்வந்தால், ஆமைகள்மீது கொண்ட அன்பினால் நீங்கள் ஒப்புக்கொண்டுவிடாதீர்கள். நள்ளிரவில் 5 மைல் கடலில் 20 ஆட்கள் உள்ள ஒரு படகின் முன்னால் ஒரு கல்லூரி மாணவனை நிறுத்துவது தன்னார்வப் பணி ஆகாது.

கேள்வி: எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் சுருக்குமடி கூடாது என்று கட்டுப்பாடு போட்டிருக்கிறோம். மீறினால் தண்டம். பக்கத்து ஊரில் ஏற்க மறுக்கிறார்கள். அரசு எங்கள் பஞ்சாயத்துக்கே அமலாக்கும் அதிகாரத்தைக் கொடுத்தால் என்ன? – நாகப்பட்டினம் மாவட்ட வாசகர்

பதில்: உங்கள் பகுதியில் ஊர்ப் பஞ்சாயத்தின் சொல்லுக்கு இருக்கும் மதிப்பை நான் நேரில் அறிவேன். எந்த நாளில் தொழிலுக்குப் போகக் கூடாது, எந்த வலை கூடாது என்று ஊர்த் தலைவர்களான நாட்டார்கள் கூடிச் சொன்னால், அரசாணையைவிட வேகமாக அது நடைமுறைக்கு வந்துவிடுகிறது. நூறு ரோந்துப் படகுகளுக்கு ஈடான பலம் அது. ஆனால் அந்தச் சொல் ஊர் எல்லையோடு நின்றுவிடுகிறது. கடலுக்கு ஊர் எல்லை கிடையாது. 2020, 2021 ஆண்டுகளில் உங்கள் மாவட்டத்திலும் மயிலாடுதுறைக் கடற்கரையிலும் சுருக்குமடியை ஆதரித்த ஊர்களும் எதிர்த்த ஊர்களும் மாறி மாறிப் போராடியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அன்றைக்கு ஒரு பக்கத்துப் பஞ்சாயத்தின் கையில் அரசு முத்திரை இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். தண்டம் கட்டாதவரை ஊரிலிருந்து விலக்கி வைப்பது, கடையில் பொருள் கொடுக்காதே என்பது போன்ற பழைய முறைகளுக்கு அரசு அதிகாரம் துணைபோகவும் கூடாது. பஞ்சாயத்தில் பெண்களுக்கு இடமில்லை என்பதையும் இங்கே சொல்லாமல் விட முடியாது.

கேரளம் வேறு வழியில் போயிருக்கிறது. அங்கே சட்டத்தைத் திருத்தி ஊர், மாவட்டம், மாநிலம் என்ற மூன்று நிலைகளில் மீன்வள மேலாண்மைக் குழுக்களுக்கு இடம் வைத்தார்கள். அமலாக்கத்தை அலுவலர்களிடமே விட்டார்கள். 52 நாள் இழுவைத் தடைக்காலத்தில், கோவாவில் உள்ள நீர் விளையாட்டுப் பயிற்சி நிறுவனத்தில் பயிற்சி பெற்ற மீனவ இளைஞர்களைக் கடல் மீட்புக் காவலர்களாக அலுவலர்களோடு படகில் அனுப்புகிறார்கள். உங்கள் பஞ்சாயத்து அத்தகைய இளைஞர் இருவரைத் தேர்ந்து பரிந்துரைப்பதும், பக்கத்து ஊரும் இருவரைப் பரிந்துரைப்பதும், அந்த நால்வரும் ஒரே படகில் போவதும் நடக்குமானால் அதைத்தான் நான் வரவேற்பேன்.

கேள்வி: என் கணவர் மன்னார் வளைகுடாத் தீவுகளில் தினக்கூலிக் காவலராக இருக்கிறார். கடல் அட்டை பிடிப்பவர்களைப் பற்றித் தகவல் கொடுத்துவிட்டார் என்று ஊரில் எங்களோடு பேசுவதில்லை. கூலியும் மாதக்கணக்கில் தாமதமாக வருகிறது. இந்த வேலையை விடச் சொல்லலாமா? – ராமநாதபுரம் மாவட்ட வாசகி

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். 21 தீவுகளைக் கொண்ட அந்தத் தேசியப் பூங்காவை வரைபடத்தில் பார்ப்பவர்களுக்கு, அதைக் காப்பது உங்கள் கணவரைப் போன்றவர்களின் கண்கள் என்பது தெரிவதில்லை. கடலடியில் வாழும் உயிரினமான கடல் அட்டையைப் பிடிக்க 2001இல் தடை வந்தபோது, அதையே நம்பி மூழ்கிப் பிழைத்த குடும்பங்களுக்கு மாற்று வழி சரியாக அமையவில்லை. அந்தக் கசப்புதான் இன்று உங்கள் வாசலில் வந்து நிற்கிறது. பிடிப்பவரும் காப்பவரும் ஒரே தெருவில் இருக்கும் ஊரில், ஒருவரைத் தினக்கூலியில் காவலுக்கு வைப்பது அவருக்குப் பகையை மட்டும் கொடுத்துப் பாதுகாப்பைக் கொடுக்காமல் விடுவதாகும். வேலையை விடுவதா என்பதை நீங்கள் இருவரும்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்கு முன் மூன்று செயல்களைச் செய்து பாருங்கள். பணிபுரிந்த நாட்களை ஒரு நோட்டில் எழுதி, மாதந்தோறும் வனவரிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். நிலுவைக் கூலிக்கு வனச்சரகருக்கு எழுத்து மூலம் மனுக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். சொந்த ஊர்க் கரைக்கு எதிரே உள்ள தீவுகளில் அல்லாமல் வேறு பகுதித் தீவுகளில் பணி தரும்படி கேளுங்கள். இது நியாயமான கோரிக்கை, கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

கேள்வி: இங்கே வடக்கில் இந்திய இழுவைப் படகுகளின் பிரச்சினை பற்றியே எல்லோரும் கதைக்கிறார்கள். எங்கள் பக்கத்துச் சட்டவிரோதத் தொழில்களைப் பற்றி என்ன சொல்கிறீர்கள்? – யாழ்ப்பாணம் வாசகர்

பதில்: இலங்கையில் 2017ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் கடலடி இழுவை மடியைத் தடை செய்தது, தமிழ்நாட்டில் அத்தகைய முழுத் தடை இல்லை. உங்கள் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தில் முகாமைத்துவப் பிரதேசங்களும் (மேலாண்மைப் பகுதிகளும்) அவற்றுக்கான குழுக்களும் இருக்கின்றன. கடற்றொழில் பரிசோதகரோடு உங்கள் கூட்டுறவுச் சங்கங்கள் இணைந்து இயங்குவதற்கு அது வாசல் திறந்து வைத்திருக்கிறது. எங்கள் பக்கத்து விசைப்படகுகள் உங்கள் வலைகளை அறுப்பதைப் பற்றிச் சொல்வதானால், தொண்டி வாசகரின் கேள்வியும் உங்கள் துன்பமும் ஒன்றே. கரையோரத்தில் கட்டுப்படுத்தப்படாத படகுதான் இரு பக்கத்துச் சிறு தொழிலாளியின் வலையையும் அறுக்கிறது.

கேள்வி: விதிமீறலைப் பார்த்தால் எப்படி எழுதிக் கொடுத்தால் நடவடிக்கை எடுப்பார்கள்? என்னைப் போல் மீன் விற்கும் பெண்கள் இதில் ஏதாவது செய்ய முடியுமா? – குளச்சல் வாசகி

பதில்: முடியும், ஏலத்துக்கு வரும் கூடையை முதலில் கிளறிப் பார்ப்பவர்கள் நீங்கள்தானே. கேரளத்தில் 58 வகை மீன்களுக்குக் குறைந்தபட்ச அளவு வைத்து, அதற்குக் கீழ்ப்பட்ட குஞ்சுகளைப் பிடிப்பதைத் தடுத்திருக்கிறார்கள். குஞ்சு மீன் கோழித்தீவன ஆலைக்கு லாரியில் ஏறும்போது, அது எந்தப் படகில் வந்தது, எந்த நாளில் வந்தது என்று உங்களால் குறித்துவைக்க முடியும். தன்னார்வலர் பட்டியல் போடும்போது மீன் விற்கும் பெண்களை முதல் வரிசையில் போட வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

எழுதும்போது கோபத்தைக் குறைத்து விவரத்தைக் கூட்டுங்கள். பதிவு எண்ணை முழுதாக எழுதுங்கள். ஐஎன்டி, டிஎன் என்ற எழுத்துகளுக்குப் பின் வரும் எண் மாவட்டத்தைக் காட்டும். அதற்கடுத்து எம்எம் என்றிருந்தால் விசைப்படகு, எம்ஓ என்றிருந்தால் வெளிப்பொருத்து என்ஜின் பூட்டிய நாட்டுப்படகு. எண் முழுதும் தெரியாவிட்டால் தெரிந்த இலக்கங்களையும் படகின் நிறத்தையும் எழுதுங்கள். வீட்டுக்காரரோ மகனோ கடலில் பார்த்திருந்தால், ஜிபிஎஸ் கருவியில் அந்த நொடியில் காட்டிய அட்சரேகை, தீர்க்கரேகையை அப்படியே படம் எடுத்து இணைக்கச் சொல்லுங்கள். தூரத்தைப் பற்றிய வாதம் அதோடு தீரும். விசைப்படகுகளில் இப்போது படகு இருக்கும் இடத்தைத் தெரிவிக்கும் ட்ரான்ஸ்பாண்டர் கருவியைப் பொருத்தி வருவதால், நேரமும் இடமும் துல்லியமாக இருந்தால் துறையினர் அதன் பதிவோடு ஒத்துப் பார்க்கவும் முடியும். மனுவை மீன்வள உதவி இயக்குநர் அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். கடலில் உயிருக்கு ஆபத்து என்றால் மனு எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 அல்லது கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண்ணை உடனே அழையுங்கள். அழைத்த நேரத்தையும், மறுமுனையில் பேசியவர் தம் பெயரைச் சொன்னால் அதையும் நோட்டில் எழுதிவையுங்கள்.